கன்னிங் கண்ணியில் பிறந்த சொல் அல்ல

தந்திரம், வஞ்சகம் என்று பொருள்படும் 'கன்னிங்' (cunning) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி இரண்டு நாளாக எல்லாக் குழுவிலும் சுற்றுகிற அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். "கண்ணி வைத்துப் பிடிப்பவன் கன்னிங். ஆங்கிலேயனுக்குச் சொல் கொடுத்தது தமிழ்." இது தவறு என்று ஒரு வரி எழுதியதற்கு எனக்குத் தமிழ்த் துரோகி பட்டம் கட்டிவிட்டார்கள். வலிக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்லுமுன் பார்க்க வேண்டியது அதன் முதல் பொருளை. இன்றைய பொருள் அதற்குப் பயன்படாது. கன்னிங் ஆங்கில எழுத்தில் தென்படத் தொடங்கும் 14ஆம் நூற்றாண்டில் அதற்கு 'அறிவு', 'கைத்திறன்', 'கற்றறிந்த' என்றுதான் பொருள். வஞ்சகம் என்ற பொருள் அதற்குப் பிறகுதான் ஏறுகிறது. கண்ணியிலிருந்து வந்திருந்தால் ஏமாற்று முதலில் வந்திருக்க வேண்டும், அறிவு பிறகு வந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். இந்த ஒன்றுக்கே அந்தப் படம் நிற்காது.

அடி வேர் 'குன்னன்' என்ற பழைய ஆங்கில வினை. அறிதல், இயலுதல் என்று பொருள். இன்றைய 'கேன்' அதன் நேர்வாரிசு. ஜெர்மனில் கோனென், டச்சில் குன்னன். 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற பாதிரியார் ஆங்கிலத்துக்கு உறவான கோத்திக் என்ற பழைய மொழிக்கு விவிலியத்தைப் பெயர்த்தபோதே 'அறிதல்' என்ற பொருளில் இந்த வினை இருக்கிறது. கடைசியில் வரும் 'இங்' வினையோடு ஒட்டும் விகுதி. கண்ணி என்ற பெயர்ச்சொல்லில் அது எப்படி ஒட்டியது என்று படம் போட்டவர் சொல்லவே இல்லை.

"ஒலி அப்படியே இருக்கே" என்பார்கள். ஒலி ஒத்தால் போதாது. ஒரே மாற்றம் பல சொற்களில் ஒழுங்காகத் திரும்ப வர வேண்டும். வடமொழியில் ஜ நிற்கும் இடத்தில் லத்தீனிலும் ஆங்கிலத்திலும் க நிற்பதைப் பாருங்கள். வடமொழி 'ஜனம்', லத்தீன் 'கெனுஸ்', ஆங்கிலம் 'கின்'. ஆஜானுபாகு என்கிறோமே, அதிலுள்ள 'ஜானு' முழங்கால். லத்தீனில் 'கெனு', ஆங்கிலத்தில் 'நீ'. இந்த 'நீ'யின் முன்னால் எழுத்தில் மட்டும் ஒரு க இன்னும் நிற்கிறது, ஜெர்மன்காரர்கள் அதை இன்றும் உச்சரிக்கிறார்கள். அதே வரிசையில்தான் வடமொழி 'ஞானம்' (அங்கே அது 'ஜ்ஞான'), கிரேக்க 'க்னோசிஸ்', ஆங்கிலத்தில் அறிதலைக் குறிக்கும் 'நோ' (know), 'கேன்', 'கன்னிங்'. நாம் அன்றாடம் சொல்லும் ஞானமும் கன்னிங்கும் ஒரே வேரின் கிளைகள்! இதைச் சொன்னால் யாரும் பகிர்வதில்லை.

முதல் பொருளுக்குச் சான்று வேண்டுமா? 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியத்தைத் திறந்து பாருங்கள். 137ஆம் சங்கீதத்தில், எருசலேமை மறந்தால் என் வலக்கை தன் 'கன்னிங்'கை மறக்கட்டும் என்று இருக்கும். தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் 'தன் தொழிலை மறப்பதாக'. எவ்வளவு சரியான சொல்! யாத்திராகமத்தில் பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டுப் பொன்னிலும் வெள்ளியிலும் செய்யும் வேலைகளும் 'கன்னிங்' வேலைகள்தான். ஏதேனில் ஏமாற்றிய பாம்புக்கோ இந்தச் சொல்லைப் போடவில்லை, 'சப்டில்' என்று போட்டிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டே, 1612இல், பிரான்சிஸ் பேக்கன் தன் கட்டுரையில் கன்னிங் என்பதைக் கோணல் அறிவு என்று வரையறுக்கிறார். இரண்டு பொருளும் ஒரே காலத்தில் உயிரோடு இருந்தன. பிறகு கெட்டது வென்றது. 'ஷ்ரூட்' எதிர்த்திசையில் போனது: முதலில் 'கெட்ட', 'கொடிய' என்று வைதார்கள், இப்போது வியாபாரியைப் பாராட்டுகிறார்கள். 'கிராஃப்ட்' ஒரு காலத்தில் வலிமை; 'கிராஃப்டி' இன்று வஞ்சகன்.

"அகராதி போட்டதும் வெள்ளைக்காரன்தானே" என்று ஒருவர். ஐயா, தாமஸ் கார்லைல் என்பவர் அந்த வெள்ளைக்காரர்களே கொண்டாடிய எழுத்தாளர். 'கிங்' என்றால் இயலுபவன், 'கேன்' என்பதோடு உறவுள்ள சொல் என்று 1840இல் மேடையேறிச் சொன்னார். அவர்களுடைய சொல்லறிஞர்களே அதை ஏற்கவில்லை. கிங் வந்தது 'கின்' என்ற குலச்சொல்லின் வழியில். நம்மை அளக்கும் அதே கோலால்தான் அவரையும் அளந்தார்கள்.

"இஞ்சி ஜிஞ்சர் ஆகலையா?" ஆனது. சரக்கோடு போனது, பிராகிருதம், கிரேக்கம், லத்தீன் என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் தடம் விட்டுப் போனது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் ஐரோப்பியர் நம் கரைக்கு வந்தபின் எடுத்துப் போனவை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். கன்னிங் அதற்கு முன்பே அங்கே எழுத்தில் இருக்கிறது, நடுவில் ஒரு தடமும் இல்லை.

"பெருமைக்குச் சொன்னால் என்ன கெட்டுப்போச்சு?" இதுதான் என்னை அதிகம் புண்படுத்துகிறது. பொய்ச்சான்று ஒன்று பிடிபட்டால் கட்டுமரத்தையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். தமிழை நேசிப்பதாகச் சொல்கிறவர்கள் தமிழ்ச் சொற்களின் முதல் பொருளையாவது தேடுகிறார்களா? சூழ்ச்சி என்றால் இன்று சதி. வள்ளுவர் 671ஆம் குறளில் 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்கிறார். அங்கே சூழ்ச்சி என்பது ஆராய்ந்து எண்ணுதல். கன்னிங்குக்கு நேர்ந்த அதே வீழ்ச்சி நம் சொல்லுக்கும் நேர்ந்திருக்கிறது. நாற்றத்துக்கும் நேர்ந்தது, ஒரு காலத்தில் அது பூவின் மணம்.

படத்தைப் பகிர்ந்தவர்களில் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மட்டும் கேட்கிறேன்: பள்ளிக் குழுவிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் 671ஆம் குறளைப் போட்டு, சூழ்ச்சிக்கு என்ன பொருள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.