ஐடா டார்பெல் அப்பாவுக்காகப் பழிவாங்கவில்லை

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஐடா டார்பெல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சினிமாக் கதையைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்பாவின் எண்ணெய்த் தொழிலை ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி முதலாளி ராக்பெல்லர் நசுக்கினார், மகள் வளர்ந்து பத்திரிகையாளராகி அவரைக் கவிழ்த்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐடா செய்த வேலை இதில் அப்படியே காணாமல் போகிறது.

அப்பா கதை பொய் இல்லை. பென்சில்வேனியாவின் எண்ணெய் வட்டாரத்தில் வளர்ந்தவர் ஐடா. 1872இல் ராக்பெல்லர் தரப்பு ரயில் கம்பெனிகளோடு ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்தது: தங்கள் சரக்குக்குக் கட்டணத் தள்ளுபடி, அது போதாதென்று போட்டியாளர் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர் கட்டுகிற கட்டணத்திலிருந்தே தங்களுக்கு ஒரு பங்கு! எதிர்ப்பு கிளம்பித் திட்டம் சீக்கிரமே செத்துப்போனது. அதற்குள் கிளீவ்லாந்தில் இருந்த 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22 ராக்பெல்லர் கைக்குப் போய்விட்டன. ஐடாவுக்கு அப்போது 14 வயது.

சரி, ஸ்டாண்டர்ட் ஆயிலைப் பற்றிய அவருடைய பத்திரிகைத் தொடர் வரத் தொடங்கியது 1902 நவம்பரில். நடுவில் 30 வருடம் என்ன செய்தார்? 1891இல் பாரிஸ் போனார். பிரெஞ்சுப் புரட்சியின் மேடம் ரோலண்டைத் தெய்வமாக நினைத்துக்கொண்டு போனவர், ஆவணங்களைப் படிக்கப் படிக்க அந்த பக்தி கரைந்துபோக, கரைந்ததை மறைக்காமல் எழுதினார். அப்புறம் மெக்ளூர்ஸ் பத்திரிகையில் நெப்போலியன், லிங்கன் வாழ்க்கைத் தொடர்கள். ஸ்டாண்டர்ட் ஆயிலைத் தொட்டபோது அவர் நன்றாகப் பழகிய வரலாற்றாசிரியர்.

அதனால்தான் நீதிமன்றச் சாட்சியங்கள், அரசு விசாரணை அறிக்கைகள் என்று தோண்டினார். 1872 ஏற்பாட்டைப் பற்றிய ஒரு சிறு வெளியீட்டின் பிரதிகள் அநேகமாக எல்லாமே மாயமாகியிருந்தன, நியூயார்க் பொது நூலகத்தில் மிஞ்சியிருந்த ஒன்றைக் கண்டுபிடித்தார். ஸ்டாண்டர்ட் ஆயிலின் பெரிய புள்ளி ஹென்றி ரோஜர்ஸையே நேரில் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்தது அந்த அலுவலகப் பையன் விஷயம். ஸ்டாண்டர்ட் ஆயிலில் பழைய காகிதங்களை எரிக்கும் வேலை பார்த்த பையன், அதில் தன் ஞாயிறு பள்ளி ஆசிரியர் பெயரைப் பார்க்கிறான். அவர் ஒரு போட்டி ஆலைக்காரர், அவர் அனுப்பிய சரக்கின் விவரம் எல்லாம் அந்தக் காகிதங்களில் இருக்கிறது. இந்த உளவு வேலை அச்சில் வந்ததும் ரோஜர்ஸ் சந்திப்பதையே நிறுத்திவிட்டார்.

இவ்வளவும் எழுதியவர், புத்தகமாகவும் வந்த அதே தொடரில் அந்தக் கம்பெனியின் நியாயமான திறமைக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கினார். பழிவாங்க வந்தவர் செய்கிற காரியமா இது?

குறை இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. தம்பி போட்டிக் கம்பெனியான ப்யூர் ஆயிலில் பொறுப்பில் இருந்தார், அது சின்ன விஷயம் இல்லை. 1905இல் ராக்பெல்லரின் உருவத்தையே கிண்டலடித்து எழுதியதை என்னால் ரசிக்க முடியவில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்ற இயக்கத்தையும் எதிர்த்தார். ஊரெல்லாம் சுற்றித் தனியாகச் சம்பாதித்து வாழ்ந்த ஒருத்தி, மற்ற பெண்களுக்கு வீடுதான் இடம் என்கிற தொனியில் எழுதியதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. அவரை முன்னோடி என்று கொண்டாடுகிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்துப் போவது இன்னும் எரிச்சல்.

1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலை உடைக்கச் சொல்லி, அது 34 கம்பெனிகளானது. சினிமா இங்கே முடிந்துவிடும். ஆனால் 1925இல் இதே ஐடா, யு.எஸ். ஸ்டீல் என்ற இன்னொரு ராட்சசக் கம்பெனியின் தலைவர் எல்பர்ட் கேரியைப் பாராட்டி ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார், அதற்காக நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டார். பழிவாங்கும் மகள் கதைக்காரர்கள் இந்தப் புத்தகத்தை எங்கே வைப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.