மார்த்தாண்டத்துக்கு மட்டும் தனி நேரமா?

மாசக் கடைசி ஆனா எனக்கு இதான் பாடு பாத்துக்கிடுங்க, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு மூணு ஆபீசு போன் பெட்டி (கால வாங்கி மாத்திவிடுத மிசின்) குடுக்க, எந்த கால் எப்ப வந்துதுங்க ரிப்போர்ட்டயும் ஒண்ணா சேத்து மொதலாளிக்கு குடுக்கணும், ஆனா மூணும் மூணு நேரம் காட்டுது சவம். நாகர்கோவில்ல 10.42க்கு மாத்திவிட்ட போன் கால மார்த்தாண்டத்துல 10.35க்கே எடுத்துட்டாவளாம். மணி அடிக்க முன்ன எடுக்க அங்க என்ன ஜோசியமா பாக்காவ?

தக்கலை கத வேற. பழைய பெட்டி, உள்ள பேட்டரி செத்துப்போச்சு, ஒரு மழ பேஞ்சு கரண்டு போய் வந்தா தேதி நேரா 2000 ஜனவரி 1க்கு ஓடிரும்.

1893ல தொறந்த நம்ம நாகர்கோவில் மணிமேடைக் கடியாரத்த பாத்து ஊரே ஒரு நேரம் வச்சுது, எங்க ஒரே கம்பெனிக்கு மூணு!

சரி, நெட்டுல இருந்து நேரம் எடுக்கட்டும்னு என்டிபி (நெட்டு வழியா மணிய சரிபண்ணுத முறை) போட்டா, ஃபயர்வால் (நெட்டுக்கு காவல் நிக்குதது) அது போற வாசலான யூடிபி 123 போர்ட்ட விடல. அதத் தொறந்து விட்டா மார்த்தாண்டம் பெட்டி யூடிசிலயே (உலகப் பொது நேரம்) கெடக்கு, டைம்சோன் மாத்த மறந்தாச்சு, அஞ்சரை மணிக்கூர் பின்னால. காலைல 9.30க்கு வந்த கால் 4 மணின்னு நிக்கி. மொதலாளி கூப்ட்டு, "ஏம்டே, வெளுப்பாங்காலம் நாலு மணிக்கு ஆபீசுல எவன்டே போன் எடுத்தான்?"ங்காரு.

சர்வீஸ்காரருக்கு போட்டேன். "ரெண்டு நிமிசம் முன்னபின்ன இருந்தா என்ன சார்"ங்காரு. மிஸ்டு காலுக்கு ஏச்சு வாங்கது அவரா?