மூஞ்சியைப் பார்த்தா ஒட்டுகிறது கொரோனா?

2021 சட்டமன்றத் தேர்தலுக்காக ஒரு தலைவர் மேடையில் பேசிய அந்தப் பிரச்சார வீடியோவை நான் வேறு பகிரப் போவதில்லை. எல்லாரும் பார்த்தாகிவிட்டது. வடகிழக்கு மாநிலத்தவரை, அவர் வார்த்தையில் ‘சைனா மூஞ்சிக்காரர்களை’, மூட்டை கட்டி அனுப்பினால் சென்னையில் பாதி கொரோனா போய்விடுமாம். கீழே ஒரே விசில். அத்தனை கூட்டத்தில் மாஸ்க் போட்டவர் யாராவது உண்டா என்று தேடினேன். மேடையில் ஒருவர் போட்டிருந்தார், தாடைக்கு.

தலைவரே, முகத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. இந்தியாவின் முதல் தொற்று 2020 ஜனவரி 30 அன்று உறுதியானது. வூஹானில் படித்துக்கொண்டிருந்த கேரள மாணவிக்கு. தமிழ்நாட்டின் முதல் தொற்று மார்ச் 7 அன்று, ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரருக்கு. அவர்கள் மேலும் தப்பில்லை. விமானம் ஏறினார்கள், ஒட்டிக்கொண்டது. அப்புறம் கோயம்பேடு. காய்கறி வாங்கவும் விற்கவும் போன நம் ஆட்கள்தான் அதை மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோனார்கள். நுங்கம்பாக்கம் பார்லரில் முடி வெட்டும் மிசோரத்து ஐஸ்வால் பெண் இதில் எங்கே வந்தாள்? மிசோரத்துக்குச் சீனாவோடு எல்லையே கிடையாது. ஒரு பக்கம் மியான்மர், இன்னொரு பக்கம் வங்கதேசம்.

“வைரஸ் சீனாவில் கிளம்பியதுதானே, சொன்னால் குற்றமா?” தாராளமாகச் சொல்லுங்கள். எச்சரித்த மருத்துவர் லி வென்லியாங்கை வூஹான் போலீஸ் கூப்பிட்டு மிரட்டிக் கையெழுத்து வாங்கியதே, அதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆனால் பெய்ஜிங்கைக் கேளுங்கள். ஆயிரம் விளக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண்ணிடம் என்ன பதில் இருக்கும்?

2020 ஜூனில் பெரியப்பா தவறிவிட்டார். இ-பாஸ் வாங்கி, வழியில் பரிசோதனையும் முடித்து மன்னார்குடிப் பக்கம் போனோம். தெருமுனையில் மூங்கில் கட்டியிருந்தது. “மெட்ராஸ்காரங்க வந்துட்டாங்க” என்று ஒரு குரல். படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன. நெகட்டிவ் என்று போனில் காட்டினேன், பார்க்க ஆளில்லை. நான் சைக்கிள் பழகிய தெரு அது. “முகம் பாத்தாச்சுல்ல தம்பி, கிளம்புங்க” என்றார் ஒரு மாமா. வாசலில் நின்ற என் மகள், “அப்பா, நமக்குக் கொரோனாவா?” என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல?

அவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் வரவில்லை. அது பயம். பயந்தவர்களுக்கு வெறியேற்ற ஒருவர் அன்றைக்கு அங்கே மைக் பிடித்து நிற்கவில்லை. இங்கே நிற்கிறார், ஓட்டும் கேட்கிறார்.

“அவர்கள் வந்து நம் வேலையைப் பிடுங்குகிறார்கள்” என்பவர்களுக்கு: அதை வேலை பற்றிய பேச்சாகவே பேசுவோம், இன்னொரு நாள். நோயை ஏன் இழுக்கிறீர்கள்? “நீ எந்தக் கட்சி?” என்பவர்களுக்குப் பதில் கிடையாது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு அன்று பூத்துக்கு வந்து எட்டிப் பாருங்கள்.

“நம்ம ஆளுங்களுக்கு நடந்தப்ப எங்கே போனே?” என்று ஒரு தம்பி. இங்கேதான் இருந்தேன் தம்பி. 2020இல் சிங்கப்பூரில் டார்மிட்டரி எனப்படும் தொழிலாளர் விடுதிகளில் நம் ஊர்ப் பிள்ளைகளை அறைக்குப் பத்துப் பதினைந்து பேராக அடைத்து வைத்திருந்தார்கள். தொற்று பரவியதும், அவர்களுடைய பழக்கவழக்கம்தான் காரணம் என்று அங்கே ஒரு சீன மொழிப் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினார் ஒருவர். சிங்கப்பூரின் அன்றைய சட்ட அமைச்சர் சண்முகமே அதைக் கண்டித்தார். நானும் இங்கே பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தக் கடிதத்துக்கும் இந்த மேடைப் பேச்சுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். முகத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்பதைத் தமிழனுக்கு மட்டும்தான் சொல்ல வேண்டுமா?

கொல்கத்தாவில் 2020 மே மாதம் மணிப்பூர் நர்ஸ்கள் நூறு பேருக்கு மேல் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போனார்கள். இன ஏச்சும் ஒரு காரணம் என்றார்கள். இங்கேயும் அனுப்பிவிடுங்கள். ஐசியூவில் உங்களுக்கு அந்த விசிலடித்த கூட்டம் வந்து ஊசி போடும்.

தலைவரை விடுங்கள், அவருக்கு அது தொழில். சிரிப்பு எமோஜி போட்டுப் பகிர்ந்தவர்களில் கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனும் இருக்கிறான். சிங்கப்பூர் விஷயத்தில் எனக்கு முன்னால் கொதித்தவன் அவன்தான். நேற்று ராத்திரி போன் செய்தேன், எடுக்கவில்லை. டேய், இதைப் படிப்பாய் என்று தெரியும். கமெண்ட்டுக்கு வா, எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். அந்த ‘மூஞ்சி’ ஜோக்கை மட்டும் இங்கே கொண்டுவந்தால், நீயாக இருந்தாலும் பிளாக்தான்.