ஓட்டையை அடைக்கலாம், கிழிந்த சுவரை?

"ஆணி வேண்டாம், துளை வேண்டாம், ஒட்டினால் போதும், டெபாசிட் பத்திரம்!" வாடகை வீட்டுச் சுவரில் எதையும் ஒட்டுப்பட்டையாலேயே மாட்டிவிடலாம் என்கிற அந்த வீடியோவை, ஜெர்மனியில் இருக்கும் நம் பிள்ளைகள் நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

இங்குள்ள வாடகை வீட்டுச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்றிருந்தால் அது ராவ்ஃபாசர். மரத்துருவல் கலந்த காகிதத்தை ஒட்டி, அதன்மேல் வெள்ளையடித்திருப்பார்கள். ஒட்டுப்பட்டை அந்த மேடுகளின் நுனியை மட்டும்தான் பிடிக்கும், பாரம் தாங்காது. தாங்கிவிட்டால் இன்னும் மோசம். உரிக்கும்போது உள்ளங்கை அகலத்துக்குக் காகிதமும் சேர்ந்து வரும். அந்தப் பட்டை வழவழப்பான கதவுக்கும் டைலுக்கும்தான். அங்கேயும் ஆல்கஹாலால் துடைத்து ஒட்டி, ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் எதையும் மாட்ட வேண்டும். வீடியோவில் இதில் ஒரு வார்த்தை உண்டா?

மறுபடியும் சொல்கிறேன், ஆணி ஓட்டையை அடைக்கலாம். காகிதத்தில் பிளேடால் பெருக்கல் குறி போலக் கீறி, நான்கு மடலையும் விலக்கி, நடுவில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, ட்யூபலை, அதாவது திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் செருகியை, உள்ளே செருகுங்கள். காலி செய்யும்போது ட்யூபலைப் பிடுங்கி, பட்டி வைத்து, மடல்களைப் பசை தடவி மூடி, மேலே வெள்ளைப் பெயின்ட்டை ஒற்றுங்கள். உப்புத்தாள் மட்டும் போட்டுவிடாதீர்கள், சொரசொரப்பு போய் அந்த இடமே காட்டிக்கொடுக்கும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளை கூடாது, ஒயர் அந்த வழியாகத்தான் ஓடும். குளியலறையில் டைலை விட்டுவிட்டு, இரண்டு டைல்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில் போடுங்கள்.

"ஒப்பந்தத்தில் துளை கூடாது என்றிருக்கிறதே" என்பீர்கள். அளவோடு துளையிடுவது குடியிருப்பவரின் இயல்பான உபயோகம் என்றுதான் இங்கே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. டெபாசிட்டும் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. பயப்பட வேண்டியது அடர்நிறத்துக்கு. வெள்ளையாக வாங்கிய வீட்டைச் சிவப்பாகத் திருப்பிக் கொடுத்தால் நஷ்டஈடு தர வேண்டியிருக்கும் என்று கூட்டாட்சி நீதிமன்றமே 2013இல் சொல்லிவிட்டது. துளைபோடும் மெஷின் இல்லையா? கட்டுமானப் பொருள் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும்.

"வாடகை வீடுதானே, இரண்டு வருஷத்துக்கு எதற்கு இவ்வளவு?" இதைக் கேட்டால்தான் மனசு நோகிறது. அந்த இரண்டு வருஷம் ஐந்தாகிவிடுகிறது. நவம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் ஊரில், மொட்டை ஒயரில் தொங்கும் ஒற்றை வெள்ளை பல்புக்குக் கீழே ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? பழைய பொருளாக இரண்டு விளக்குகள் வாங்குங்கள், 2700 கெல்வின் பல்பு, அதாவது இதமான மஞ்சள் வெளிச்சம் தருவது, போட்டு மூலைக்கொன்றாக வையுங்கள். அறையே மாறும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். காற்று போகாவிட்டால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். டெபாசிட்டில் கை வைப்பது இப்படிப்பட்டவற்றுக்குத்தான், அளவான ஆணி ஓட்டைக்கு அல்ல.