எங்கள் ஊர் எந்த மாநிலம்?

இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. "சார், நீங்க கடலூர்தானே?" என்று பார்சல் தம்பி போனில் கேட்கிறார். இல்லை தம்பி, பாகூர் பக்கம், புதுச்சேரி மாநிலம். "அப்போ பின்கோடு ஏன் 607-னு இருக்கு?" அதை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? புதுச்சேரி நகரத்துக்கு 605, எங்களுக்கு மட்டும் கடலூரைப் போல 607. எந்தப் படிவத்தில் அடித்தாலும் மாநிலக் கட்டத்தில் தானாகவே தமிழ்நாடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாற்றினாலும் மாறுவதில்லை.

ஆட்டோ கதை தனி. கடலூர் ஆட்டோக்காரர் எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்ட மாட்டேன் என்கிறார். புதுச்சேரி ஆட்டோக்காரரோ, "அது கடலூராச்சே, திரும்பி வர்ற காசும் குடுங்க" என்கிறார். அப்படியானால் நாங்கள் யார்தான்?

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-லேயே போய்விட்டது. 70 வருஷம் தாண்டியும் எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று நானே தினமும் விளக்க வேண்டுமா? பேச்சுக்குப் பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். இங்கிருந்து நெல் போக வழி தெரிகிறது, இங்கே ஒரு பார்சல் வர மட்டும் வழி தெரியாதா?

இதோ, மறுபடியும் போன். பார்சல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறதாம். நானே வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.