ஜாபர் திரும்பி வரட்டும், முதல் வருடத்துக் கணக்கை யாரும் கேட்காதீர்கள்

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆபீஸ் தம்பி ஒருவன் கேட்டான். "அக்கா, உங்க ஓன்ஸ் ஜாபர் பிள்ள பெத்துட்டு வந்தா பழைய இடத்துக்கு வருவாங்களா?" நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த சார், "அதெல்லாம் முடிஞ்ச கதைம்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். வண்டியில் கோரிப்பாளையம் சிக்னல் தாண்டி வீடு வரும்வரை அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

துனிசியாவின் டென்னிஸ் வீராங்கனை ஜாபர் உலகத் தரவரிசையில் 2-ஆம் இடம்வரை போனவர். 2022, 2023 என இரண்டு விம்பிள்டன் இறுதிப் போட்டிகள், நடுவில் ஒரு அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டி. மூன்றிலும் தோல்வி. 2023-இல் இரண்டாமிடத் தட்டை வாங்கும்போது அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். 2025 விம்பிள்டனுக்குப் பிறகு கொஞ்ச நாள் விலகி இருக்கிறேன் என்றார். நவம்பரில் தாயாகப் போவதாகச் சொன்னார்.

சரி, தரவரிசை எப்படி ஓடுகிறது? கடைசி 52 வாரப் புள்ளிகள்தான் கணக்கு. போன வருடம் இதே வாரம் எடுத்தது கழியும், இந்த வாரம் எடுத்தது சேரும். ஒரு வருடம் ஆடாமல் இருந்தால் பெயரே பட்டியலில் இருந்து காணாமல் போய்விடும். 2017-இல் முதலிடத்துக்கு வந்துவிட்டுப் பிரசவத்துக்குப் போன செரீனா வில்லியம்ஸ், 2018 பிரெஞ்சு ஓபனுக்கு வந்தபோது 450-ஐயும் தாண்டிக் கிடந்தார். அந்தப் போட்டியில் அவருக்கு சீடிங்கும் (முன்னணி ஆட்டக்காரர்கள் ஆரம்பச் சுற்றிலேயே மோதாமல் பிரித்து வைப்பது) கிடையாது. பெரிய விவாதம் கிளம்பி, அதன் பிறகுதான் விதியை மாற்றினார்கள். பிரசவத்துக்குப் போகிறவரின் பழைய தரவரிசையைப் பாதுகாத்து வைப்பது முன்பே உண்டு. இப்போது குழந்தை பிறந்து மூன்று வருடத்துக்குள் 12 போட்டிகளில் அந்த எண்ணைக் காட்டி உள்ளே நுழையலாம்.

அந்த எண் கதவைத்தான் திறக்கும், புள்ளி தராது. ஆனால் அந்தக் கதவின் மதிப்பைப் பாருங்கள். பெண்களுக்கான மிகச் சிறிய சர்வதேசப் போட்டியில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பையே தூக்கினாலும் 15 புள்ளி. விம்பிள்டன் போன்ற கிராண்ட்ஸ்லாமில் முதல் சுற்றிலேயே தோற்றால்கூட 10 புள்ளி. ஜாபர் முதல் 100-க்குள் இருக்கும்போதுதான் விலகினார். அதனால் கிராண்ட்ஸ்லாம் கதவு அவருக்குத் திறந்தே இருக்கும்.

அப்புறம் உடம்பு. இதை நான் படித்துச் சொல்லவில்லை. கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள் நான். மகள் பிறந்ததும் பச்சை உடம்பு என்று அம்மா மாதக்கணக்கில் வாசல் தாண்ட விடவில்லை. பிறகு வேலை, வீடு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்றரை வருடம் ஓடிவிட்டது. ஒரு சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுவாரம், பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு, தல்லாகுளம் பக்கம் இருக்கும் மண் கோர்ட்டுக்கு விடியற்காலையில் போனேன். கோர்ட்டில் ஆடிப் பழக்கும் மார்க்கர் அண்ணன் பத்து நிமிஷம் பந்து அடித்துக் கொடுத்தார். புறங்கையால் அடிக்கும் பேக்ஹேண்ட் மறக்கவே இல்லை. கை அதைப் பத்திரமாக வைத்திருந்தது. பந்து எங்கே விழும் என்று கண்ணுக்கும் தெரிந்தது. கால் அங்கே போய்ச் சேர மட்டும் ஓர் எட்டு பாக்கி இருந்தது. அந்த ஓர் எட்டை மீட்க, தினமும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடியும், எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இத்தனைக்கும் நான் ஆடுவது உள்ளூர் ஆட்டம்.

ஜாபரின் ஆட்டம் கையில் இருக்கிறது. வலையை ஒட்டி மெதுவாக விழும் அந்த ட்ராப் ஷாட்டும், பந்தைச் சீவித் தாழ்வாக எழும்ப வைக்கும் ஸ்லைஸும் எங்கேயும் போகாது. முழங்காலும் தோளும்தான் என் கவலை, பிரசவத்துக்கு முன்பே அவரைப் படுத்தியவை அவை.

நவோமி ஒசாகாவைப் பாருங்கள். பிள்ளை பெற்று 2024 ஜனவரியில் திரும்பி வந்தார். அந்த வருட பிரெஞ்சு ஓபனில் அன்றைய முதலிடக்காரர் ஸ்வியாடெக்கை, இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் வெற்றி என்ற மேட்ச் பாயிண்ட் வரை கொண்டுபோய்த் தோற்றார். வருடக் கடைசியில் 50-க்கும் வெளியேதான் இருந்தார். அன்றைக்கும் இதே "முடிஞ்ச கதை"தான். 2025-இல் அமெரிக்க ஓபன் அரையிறுதி, முதல் 20-க்குள் இடம். பெலிண்டா பென்சிச்சுக்கு 2024 ஏப்ரலில் மகள் பிறந்தாள். 2025 பிப்ரவரியில் அபுதாபியில் கோப்பை, ஜூலையில் விம்பிள்டன் அரையிறுதி. ஆனால் அதே 2025-இல்தான் பெட்ரா க்விட்டோவாவும் குழந்தை பெற்றுத் திரும்பினார். இரண்டு முறை விம்பிள்டன் ஜெயித்தவர். ஆட்டங்கள் கைகூடவில்லை, அமெரிக்க ஓபனோடு விடைபெற்றுவிட்டார். அவருக்கு வயது 35, பென்சிச்சுக்கு 28. ஜாபர் நடுவில் இருக்கிறார்.

கிம் கிளைஸ்டர்ஸை இதில் இழுக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பெற்ற பிறகு 2009-இல் தரவரிசையே இல்லாமல், போட்டி நடத்துபவர்கள் தரும் நேரடி அனுமதியான வைல்டு கார்டில் வந்து அமெரிக்க ஓபனை ஜெயித்தார், உண்மைதான். அவருக்கு முன்பு ஒரு தாய் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றது 1980-இல், விம்பிள்டனில் கூலகாங். இருபத்தொன்பது வருடத்துக்கு ஒருமுறை நடப்பதை வைத்து மற்ற அம்மாக்களை அளப்பது அநியாயம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை நம் ஊர்ப் பெண்களைப் பற்றியது. சானியா மிர்ஸா 2018 அக்டோபரில் மகனைப் பெற்று, 2020 ஜனவரியில் ஹோபர்ட்டில் முதல் போட்டியிலேயே இரட்டையர் கோப்பை வென்றார். அவர் முன்பே உச்சத்தைத் தொட்டவர். 300-ஆம் இடத்தில் இருக்கும் ஒரு பெண் பிள்ளை பெற்றுத் திரும்பினால்? அந்த எண்ணைப் பாதுகாத்து என்ன பயன்? கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்றுக்கே அது போதாது. 15 புள்ளிக்காகக் கைக்குழந்தையோடு நாடு நாடாகப் போக வேண்டும். டிக்கெட், அறை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூட ஓர் ஆள், எல்லாம் சொந்தக் காசு. சென்னையில் 2022-லும் 2025-லும் பெரிய போட்டி நடந்தது, சந்தோஷம். அந்தக் காசில் ஒரு பங்கை எடுத்து மதுரை, திருச்சி, கோவை என்று அடுத்தடுத்த வாரங்களில் சிறிய போட்டிகள் வைத்தால், அந்தப் பெண் பஸ்ஸிலேயே போய் மூன்று வாரம் ஆடிவிட்டு வருவாள். பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டுக்கூடப் போகலாம்.

தம்பிக்கு நாளை மதியம் சொல்லப்போகும் பதில் இதுதான். ஜாபர் திரும்பிய முதல் வருடம் 100-க்குள் வந்தாலே எனக்குப் போதும். கழிவதற்குப் பழைய புள்ளி எதுவும் இல்லாததால் ஜெயிப்பது அத்தனையும் சேரும். இரண்டாவது வருடம் முழங்கால் ஒத்துழைத்தால் முதல் 20. புல் தரையில் அந்த ஸ்லைஸுக்குப் பதில் சொல்ல இன்றைக்கும் ஆள் குறைவு. புல் தரையில் ஆடும் அந்த வருட விம்பிள்டன் நடக்கும் இரண்டு வாரம் நான் சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.