தேன் முன்பக்கம், சர்க்கரை பின்பக்கம்

பாக்கெட் உணவுகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்" என்ற அறிவுரையும் கூடவே வந்துவிடுகிறது. மருத்துவர்கள் சொல்கிறார்கள், தொலைக்காட்சியில் வரும் உணவியல் வல்லுநர்கள் சொல்கிறார்கள், உணவு நிறுவனங்களேகூடத் தயங்காமல் சொல்கின்றன. நிறுவனங்கள் ஏன் தயங்குவதில்லை என்று யோசித்துப் பார்த்தால், இந்த அறிவுரை மீது எனக்கு இருக்கும் சந்தேகம் விளங்கும். படிக்க முடியாதபடி அச்சிட்டுவிட்டுப் படிக்கச் சொல்வது, பழியை வாங்குகிறவர் தலையில் கட்டும் வேலை.

இதை எழுதும்போது என் மேசை மேல் ஒரு ஓட்ஸ் பிஸ்கட் பாக்கெட் இருக்கிறது. முன்பக்கத்தில் முற்றிய கதிர்கள், கரண்டியிலிருந்து வழியும் தேன், கொட்டை எழுத்தில் நார்ச்சத்து பற்றிய ஒரு வரி. திருப்பினால், ஒட்டு மடிப்புக்குள் பாதி மறைந்தபடி, எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு பத்தி. எடை அதிகமுள்ள சேர்மானத்தை முதலிலும் குறைவானதைக் கடைசியிலும் எழுத வேண்டும் என்பது சட்டம். அந்த வரிசையில் முதலில் நிற்பது 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்', அதாவது நம் மைதா. அடுத்தது பாமாயில், அதற்கடுத்தது சர்க்கரை. ஓட்ஸ் அவற்றுக்கும் பின்னால், ஒற்றை இலக்கச் சதவீதத்தோடு நிற்கிறது. தேன் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இந்தச் சதவீதங்களும் மனமுவந்து போட்டவை அல்ல. ஒரு பொருளை முன்பக்கத்தில் தூக்கிப்பிடித்தால் அது எவ்வளவு இருக்கிறது என்று எழுதியாக வேண்டும் என்ற விதி இருப்பதால் போட்டவை.

வரிசையிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. சர்க்கரை என்று ஒரே பெயரில் எழுதினால் அது முதலிடத்துக்கு வந்துவிடக்கூடும். அதையே சர்க்கரை, திரவ குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிறுத்து வரிசையில் கீழே இறங்கிவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைப் பார்த்து, அது சர்க்கரையைப் போலவே இரத்தத்தில் வேகமாக ஏறும் ஒரு மாவுப்பொருள் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்? உப்பின் கதையும் இதுதான். லேபிளில் இருப்பது சோடியம், அதுவும் மில்லிகிராமில். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு கிடைக்கும். மளிகைக் கடையில் நின்றுகொண்டு யாரும் பெருக்கல் கணக்குப் போடுவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை எரிச்சலூட்டுவது இன்னொன்று. லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. மற்ற மொழிகள் நிறுவனத்தின் விருப்பம். அதே நிறுவனம் நம் வீட்டுக் குழந்தையைப் பிடிக்க வரும்போது மட்டும் அழகான தமிழில், ராகம் போட்டு விளம்பரப் பாட்டுப் பாடுகிறது. விற்கும்போது தமிழ் தெரிந்தவர்களுக்கு, உள்ளே இருப்பதைச் சொல்லும்போது தமிழ் மறந்துவிடுகிறது. 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 'இந்தியாப்' என்ற நீரிழிவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்திய அளவில் அது 11.4 சதவீதம். பேரனுக்கு பிஸ்கட் வாங்கித் தானும் இரண்டு தின்னும் நீரிழிவுக்காரப் பாட்டியிடம் லேபிளைப் படி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அச்சிட்டிருப்பதை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர், போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரையைப் பற்றி ஒரு காணொளி வெளியிட்டார். நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது, காணொளியை நீக்கிவிட்டார். ஆனால் பேச்சு அடங்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் 100 கிராமுக்கு 37 கிராமுக்கு மேல் இருந்த சேர்க்கப்பட்ட சர்க்கரை 32 கிராம் அளவுக்குக் குறைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவின் கீழ் விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு பிரிவே கிடையாது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஆற்றிக் கொடுத்த 'சத்துபானத்தில்' ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. குறைத்த பிறகுள்ள கணக்கு இது.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் கொஞ்சம் திட்ட வேண்டும். உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு உலக அளவில் கொடுக்கப்படும் அடையாள எண்தான் ஐ.என்.எஸ். எண். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஐ.என்.எஸ். எண் பட்டியல்கள்' பெரும்பாலும் வீண் பீதி. ஒரு சேர்மானத்துக்கு எண் இருப்பதாலேயே அது விஷமாகிவிடாது. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்துக்கும் 330 என்று ஒரு எண் உண்டு. 2015-இல் மேகி நூடுல்ஸ் தடை செய்யப்பட்டபோது நாடே காரீயத்தையும் அஜினமோட்டோவையும் பற்றி விவாதித்தது. சில மாதங்களில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது, நூடுல்ஸ் கடைக்குத் திரும்பியது, எல்லோரும் நிம்மதியடைந்தோம். காரீயம் இல்லாவிட்டாலும் மைதாவும் பாமாயிலும் உப்பும் அதே இடத்தில்தான் இருந்தன. அவற்றைப் பற்றி அன்றும் யாரும் கேட்கவில்லை. பயப்பட வேண்டியது புரியாத பெயர்களுக்கு மட்டும் என்ற எண்ணம், நன்றாகப் புரிந்த பெயர்களைத் தப்பவிட்டுவிடுகிறது.

சேர்மானங்களோடும் விஷயம் நின்றுவிடவில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் எடுத்துவைத்த உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை கூடினார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் கரைந்து இறங்கும்படி செய்யப்பட்ட உணவு, போதும் என்று வயிறு சொல்வதற்குள் உள்ளே போய்விடுகிறது. ஆகவே, பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு "எனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று நொந்துகொள்பவர்கள் தங்களை அவ்வளவு கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

"வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் இந்தத் தொல்லை எதற்கு" என்பவர்களிடம் எனக்கு வருத்தமுண்டு. விடிவதற்குள் கம்பெனி வண்டி ஏறித் திருப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்பும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவள் பிள்ளை பள்ளி விட்டு வரும் வழியில் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் சரம் சரமாகத் தொங்குவது சிப்ஸும் வேஃபரும்தான். அந்த ஐந்து ரூபாய்க்கு ஒரு வாழைப்பழம் கிடைப்பதே பாடு. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுகளை விற்கக் கூடாது என்ற விதி 2020-இலேயே வந்துவிட்டது. உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் அது எப்படி நடக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போதாததற்கு 2025 செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ், பாக்கெட் மிக்சர் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மக்கள் சுமை குறைந்தது என்று கொண்டாடினார்கள். எதன் விலை இறங்கினால் எது அதிகம் வயிற்றுக்குள் போகும் என்று கேட்டவர்கள் சிலர்தான். நம் ரேஷன் கடையிலும் 25 ரூபாய்க்குக் கிடைப்பது பாமாயில்தான் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆகையால் நான் கேட்பது ஒன்றுதான்: பின்பக்கத்து உண்மை, எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் விளங்கும் ஒரு குறியாக முன்பக்கத்துக்கு வர வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. சைவத்துக்குப் பச்சைப் புள்ளி என்ற குறியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாடு முழுவதும் எல்லோரும் ஒரு பார்வையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். சிலி நாடு 2016-இல் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி மிகுந்த உணவுகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன்களை அந்த உணவுகளின் பெட்டிகளிலிருந்து அகற்றியது. விளம்பரத்துக்கும் பள்ளி விற்பனைக்கும் விதித்த தடைகளும் சேர்ந்துகொள்ள, முத்திரை விழுந்த பானங்களை மக்கள் வாங்கும் அளவு ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. முத்திரைக்குத் தப்புவதற்காகவே பல நிறுவனங்கள் செய்முறையை மாற்றின.

இங்கே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் முன்வைத்தது, உணவுக்கு மதிப்பெண் போட்டு அதற்கேற்ப நட்சத்திரம் கொடுக்கும் குறியீடு. அதில் பருப்போ நார்ச்சத்தோ கொஞ்சம் சேர்த்தால் சர்க்கரைக்குப் போன மதிப்பெண்ணை மீட்டுக்கொள்ளலாம். எச்சரிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பாராட்டுப் பத்திரம் தொங்கும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முன்பக்கக் குறியீடு பற்றி மூன்று மாதத்தில் பரிந்துரை வர வேண்டும் என்றது. ஜூலையில் மேலும் மூன்று மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

முத்திரையின் வடிவத்தை மட்டும் பார்த்தால் போதாது, அளவுகோலையும் பார்க்க வேண்டும். வரம்பு 100 கிராமுக்கு இவ்வளவு என்று இருக்க வேண்டும். 'ஒரு பரிமாறலுக்கு' என்று விட்டுவிட்டால், பரிமாறல் எவ்வளவு என்று தீர்மானிப்பது நிறுவனம். இப்போதே பல பிஸ்கட் பாக்கெட்டுகளில் அது இரண்டே பிஸ்கட்.